7 நிமிடக் கார்ட்டூனை 90 நிமிடப் படமாக்குவது எப்படி?

திரையரங்குக்காக எடுத்த அந்தக் காலக் கார்ட்டூன்கள் பெரும்பாலும் 6 முதல் 8 நிமிடம் ஓடும். ஒருவன் துரத்துவான், இன்னொருவன் தப்பிப்பான், கடைசியில் ஏதாவது வெடிக்கும். அடுத்த படத்தில் இருவர் உடம்பிலும் ஒரு கீறல்கூட இருக்காது. இப்படிப்பட்ட ஒன்றை முழுநீளப் படமாக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் முதல் வாரமே பாத்திரத்தை 3டி-யில் செதுக்கி, ரோமம் ஒட்டி, சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த வேலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் உரிமை, அடுத்து ஆய்வு, பிறகு கதை, அதற்கப்புறம்தான் உருவம். இந்த வரிசை மாறினால், செதுக்கிய உருவத்தை இரண்டு மூன்று தடவை தூக்கிப் போட நேரும்.

காகித வேலை

கார்ட்டூன் உரிமை ஒரே மூட்டையாகக் கிடைக்காது. படச்சுருள் ஒருவரிடம், பாத்திரத்தின் பெயரும் லோகோவும் இன்னொருவரிடம், பின்னணி இசை ஓர் இசை நிறுவனத்திடம் என்று சிதறிக் கிடக்கும். பழைய குரல் பதிவுகளுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற சங்கிலியை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால், விநியோகஸ்தர் படத்தைத் தொடவே மாட்டார்.

‘பழைய படம்தானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்பது பாதி உண்மை. 1928-இல் வந்த மிக்கி மவுஸ் படமான ‘ஸ்டீம்போட் வில்லி’ அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆனது. அதனால் கையில் கிடைத்தது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உள்ள மிக்கி மட்டும்தான். பின்னாளில் சேர்ந்த நிறம், கண் அமைப்பு, குணம் ஆகியவை அவை வந்த ஆண்டைப் பொறுத்துத் தனித்தனியாகக் கணக்காகும். அமெரிக்காவில் அந்தக் காலப் படைப்புகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பது கணக்கு. வர்த்தக முத்திரைக்கோ காலக்கெடுவே இல்லை. பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்வரை அது உயிரோடு இருக்கும். மற்ற நாடுகளில் பதிப்புரிமைக் கணக்கு வேறு மாதிரி, பல இடங்களில் படைத்தவர் இறந்த ஆண்டிலிருந்து ஓடும். ஆகவே படம் எந்தெந்த நாட்டில் ஓடப்போகிறதோ அந்தந்த நாட்டுக்குத் தனியாகப் பாருங்கள்.

உரிமை வாங்குவதானால், முதலில் 12 அல்லது 18 மாத முன்னுரிமை ஒப்பந்தம் போடுவது வழக்கம். அதில் உரிமையாளரின் ஒப்புதல் எந்தெந்தக் கட்டத்தில் தேவை, பதில் சொல்ல எத்தனை வேலைநாள், அதற்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாமா என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். பாதி அனிமேஷன் முடிந்தபின் ‘காது கொஞ்சம் பெரிசா இருக்கே’ என்று கடிதம் வரும் கொடுமைக்கு வேறு மருந்து கிடையாது.

பழைய படத்தைப் பிரித்துப் பார்ப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நான்கு வாரமாவது ஒதுக்குங்கள். ஒரே பாத்திரம் இயக்குநருக்கு இயக்குநர் ஆளே மாறிவிடும், அதனால் எந்தக் காலகட்டம் உங்களுடையது என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து 20 படங்களை எடுத்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.

பார்க்கும் பிரதி நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே சரிபாருங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக மாற்றிய பிரதியில் நொடிக்கு 30 ஃபிரேம் வருவதற்காகச் சில ஃபிரேம்கள் இரட்டித்திருக்கும். ஐரோப்பியப் பிரதிகளில் 25 ஃபிரேமாக ஓட்டியிருப்பதால் எல்லாமே 4 சதவீதம் வேகமாகி, குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும். இதைக் கவனிக்காமல் எண்ணிய எண்ணிக்கையெல்லாம் வீண்.

ஒரு விரிதாளில் ஷாட்டுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். ஷாட் எத்தனை ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப் படமா, அல்லது இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படமா, எந்த போஸில் எவ்வளவு நேரம் நிற்கிறது, கேமரா நகர்கிறதா, ஒரு சிரிப்புக்கும் அடுத்த சிரிப்புக்கும் இடைவெளி எவ்வளவு, பாத்திரம் நம்மைத் திரும்பிப் பார்க்கிறதா. இவ்வளவு போதும்.

மலை விளிம்பைத் தாண்டி ஓடும் அந்தப் பழைய வேடிக்கையை எடுத்துக்கொள்வோம். ஓடி வருகிறான், நிலம் முடிந்த பிறகும் கால் ஓடுகிறது, நிற்கிறான், காலால் கீழே துழாவுகிறான், நம்மைப் பார்க்கிறான், பிறகுதான் விழுகிறான். சிரிப்பு விழுவதில் இல்லை, நம்மைப் பார்க்கும் அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. அது 8 ஃபிரேமுக்குக் கீழே போனால் கண்ணில் பதியாது. 16 முதல் 24 வரை நின்றால் வேலை செய்யும். அதற்கு மேலே நீட்டுவதானால் கண் இமையாவது அசைய வேண்டும், இல்லாவிட்டால் படம் உறைந்துவிட்டது போலிருக்கும். இன்றைய 3டி அனிமேட்டர்களுக்குப் பாத்திரத்தைச் சும்மா நிறுத்தி வைக்கவே கை வராது. மூச்சு, தோள் அசைவு, தலைச்சாய்வு என்று நிரப்பிவிடுவார்கள். அதோடு அந்தச் சிரிப்பும் போய்விடும்.

ஆய்வில் கிடைக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் எதிரே ஒரு கேள்வி போடுங்கள்: இது குணமா, சிக்கனமா? 1950-களின் கடைசியில் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பாத்திரங்கள் கழுத்தில் டையும் காலருமாக வந்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. பேசும்போது தலையை மட்டும் மாற்றி வரைய வேண்டும், உடம்புப் படத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், ஒட்டுப்போட்ட இடம் தெரியக்கூடாது. டை அதை மறைத்தது. ஓடும்போது அதே நாற்காலியும் விளக்கும் திரும்பத் திரும்ப வந்துபோகும் பின்னணியும் சிக்கனம்தான். ஆனால் அந்த டை இல்லாமல் அவர்களுடைய யோகி கரடியை இன்று யாருக்கும் அடையாளம் தெரியாது. சிக்கனத்தில் பிறந்து குணமாகிவிட்டவை என்று விரிதாளில் மூன்றாவது நெடுவரிசை ஒன்று தேவைப்படும். அந்த நெடுவரிசையில் உள்ளதில் கைவைக்காதீர்கள். மீதிச் சிக்கனத்தை மட்டும் திருத்துங்கள்.

கடைசியாக, பாத்திரம் ஒருபோதும் செய்யாதவை என்று பத்துப் பன்னிரண்டு வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் தம் ‘ரோட் ரன்னர்’ படங்களின் ஓட்டப் பறவைக்கும், அதைத் துரத்தும் ஓநாய்க்கும் இப்படிச் சட்டங்கள் வைத்திருந்தார். ஓநாய்க்கு அடிபடுவது அவன் அசட்டுத்தனத்தாலோ, அவன் வாங்கும் கருவிகள் கோளாறாவதாலோதான், பறவை நேரடியாகத் தாக்காது என்பது அதில் ஒன்று. எழுத்தாளர், காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு ஓவியர், அனிமேட்டர் என்று 200 பேர் தொடப்போகிற பாத்திரத்துக்கு இப்படி ஒரு சுவர் வேண்டும்.

கதையை நீட்டுவது

12 குறும்படத்தைக் கோத்தால் ஒரு நீளப்படம் ஆகாது. 20-ஆவது நிமிடத்தில் பார்வையாளர் களைத்துவிடுவார். அடி, விழுதல், வெடி எல்லாம் 7 நிமிடத்துக்குள் இருக்கும்போது எந்த விளைவும் தேவையில்லை. 90 நிமிடத்தில், நாயகனுக்கு எதனாலும் காயம் வராது என்று தெரிந்தபின் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இதற்கு வழக்கமான தீர்வு, உடம்பில் படும் அடியைப் பழையபடி வேடிக்கையாக விட்டுவிட்டு, இழப்பை வேறிடத்தில் வைப்பது. வீடு, நட்பு, மானம், நேரம் என்று எதுவாகவும் இருக்கலாம். தலையில் இரும்புப் பட்டடை விழுந்தால் எழுந்து ஓடலாம், நண்பன் கோபித்துக்கொண்டு போனால் அடுத்த ஷாட்டில் திரும்பி வரக்கூடாது.

‘நாயகன் மாற வேண்டும்’ என்று திரைக்கதை வகுப்பில் சொல்வார்கள். பிடிவாதமே குணமாக இருக்கும் கார்ட்டூன் பாத்திரத்தை மாற்றினால், பார்க்க வந்தவரின் பாத்திரம் கடைசியில் காணாமல் போகும். அவனை அப்படியே விட்டுவிட்டு, அவனோடு பழகும் இன்னொருவரை மாறவிடுங்கள். அவன் ஏன் இப்படி ஆனான் என்று சிறுவயதுக் கதை சொல்லும் ஆசையையும் அடக்குங்கள். பூனை ஏன் எலியைத் துரத்துகிறது என்று யாரும் கேட்டதில்லை.

பேசாத பாத்திரத்தைப் பேசவைக்கலாமா? 1940-இல் பிறந்த டாம், ஜெர்ரி இருவரையும் 1992 படத்தில் பேசவும் பாடவும் வைத்தார்கள், விமர்சகர்கள் அதை மன்னிக்கவில்லை. மறுபக்கம், 7 நிமிடத் தொடராக 2007-இல் தொடங்கிய ‘ஷான் தி ஷீப்’ 2015-இல் நீளப்படமானபோது ஒரு வசனமும் இல்லாமல் 85 நிமிடம் நின்றது. அங்கே ஆட்டுக்கூட்டம் ஊருக்குள் போய்த் தங்கள் எஜமானைத் தேடுகிறது, அவ்வளவுதான். வசனமில்லாப் படத்துக்குக் கதை ஒரே வரியில் அடங்க வேண்டும் என்பது அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். யாருக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு பொருளைக் காட்டியே புரியவைக்க முடியாவிட்டால் வசனம் தேவைப்படும்.

எழுதும்போது படத்தை 3 நிமிடக் காட்சித் தொகுதிகளாக, சுமார் 30 துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடிதடியான இரண்டு தொகுதிக்கு அப்புறம் ஒன்றாவது மெதுவாகப் போகட்டும். பழைய படங்களில் இனம், பெண், உடற்குறை பற்றிய கேலி இருந்தால் இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிட்டு, அந்த இடத்தில் புதிய வேடிக்கை எழுதுங்கள். வெறுமனே வெட்டினால் காட்சியின் தாளம் நொண்டும்.

உருவம்: இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள்

கையால் வரைந்த பாத்திரம் முப்பரிமாணத்தில் எங்குமே இருந்ததில்லை. மிக்கியின் காதுகளைப் பாருங்கள். நேராகப் பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் இரண்டும் முழு வட்டம்தான். உண்மையான தலையில் இது சாத்தியமே இல்லை. 3டி-யில் அப்படியே பொருத்தினால் பக்கவாட்டில் ஒரு காது மற்றதை மறைத்து, முகமே அந்நியமாகிவிடும். அதனால் தலை திரும்பத் திரும்பக் காதுகள் மண்டைமேல் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நிற்கும்படி ரிக், அதாவது உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு, அமைப்பார்கள்.

‘பீனட்ஸ்’ சித்திரக்கதையின் சார்லி பிரவுன் முகம் இன்னும் கடினம். 2015-இல் வந்த ‘தி பீனட்ஸ் மூவி’ குழு அந்தத் தலையை எல்லாக் கோணத்திலும் காட்ட முயலவில்லை. ஓவியர் சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த கோணங்களுக்கு நெருக்கமாகவே வைத்தார்கள், கண்ணும் வாயும் பேனாக் கோடு போலவே இருந்தன, பாத்திரங்கள் பெரும்பாலும் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு போஸ் என்று நகர்ந்தன, வேகமாக நகரும்போது உருவம் கலங்கித் தெரியும் அசைவு மங்கலும் இல்லை. செய்முறையாக இதைச் சொன்னால்:

1. பழைய மாடல் ஷீட்டிலிருந்தும் (பாத்திரத்தைப் பல கோணத்தில் வரைந்த மாதிரித் தாள்) படங்களிலிருந்தும் முகத்துக்கு 5 கோணம் எடுங்கள்: நேர், இரு முக்கால், இரு பக்கம்.
2. ஒவ்வொரு கோணத்துக்கும் மூக்கு, வாய், காதின் இடத்தைத் தனித்தனி வடிவமாகச் செதுக்குங்கள்.
3. தலை திரும்பும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 2 ஃபிரேமுக்குள் தாவட்டும். மெதுவாக உருமாறவிட்டால் முகம் மெழுகு போல் உருகும்.
4. 12 புகழ்பெற்ற போஸ்களைப் புது உருவத்தில் நிறுத்தி, முழுக் கறுப்பு நிழலாக்கி, பழைய ஓவியத்தின் நிழல்மேல் வைத்துப் பாருங்கள். நிழல் பொருந்தும்வரை ரோமம், துணி, பளபளப்பு எதையும் தொடாதீர்கள்.

புறக்கோடு வேண்டுமென்றால், உருவத்தின் நகலைச் சற்றே உப்பவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக் கறுப்பாக்குவது எளிய வழி. இதில் கோடு உருவத்தோடு ஒட்டியிருப்பதால் கேமரா கிட்டே வந்தால் தடித்தும், தூரம் போனால் மறைந்தும் போகும். உப்பலைக் கேமரா தூரத்தோடு கட்டிவிட வேண்டும். பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் கிரீஸ் பென்சில், ஃப்ரீஸ்டைல் என்று வேறு வழிகளும் உண்டு. முழுக்க 2டி-யில் போவதானால் டூன் பூம் ஹார்மனி, டிவிபெயின்ட், இலவசமாக ஓப்பன்டூன்ஸ். கருவி இலவசம் என்பதால் தரம் குறையாது. 2025-இல் ஆஸ்கர் வாங்கிய, வசனமே இல்லாத ‘ஃப்ளோ’ பிளெண்டரில் எடுத்ததுதான்.

அசைவில் ஒரு கண்ணி உண்டு. பாத்திரத்தை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு போஸாக வைத்துவிட்டு, கேமராவை ஒவ்வொரு ஃபிரேமும் நகர்த்தினால், கூடவே நடக்கும் பாத்திரம் பின்னணிமேல் நடுங்குவது போலத் தெரியும். காரணம் எளிது: பின்னணி 24 தடவை நகர்கிறது, பாத்திரம் 12 தடவை. கேமரா பாத்திரத்தைத் தொடரும் ஷாட்களில் மட்டும் பாத்திரத்தையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மாற்றுங்கள். கையால் வரைந்த காலத்திலும் இதே விதிதான்.

வேகமான திருப்பத்துக்கு இடையில் உருவத்தை இழுத்து, ரப்பர் போல் நீட்டி ஒரே ஒரு ஃபிரேம் வைக்கும் ‘ஸ்மியர்’ உத்தி 1942-லேயே சக் ஜோன்ஸ் படமொன்றில் தாராளமாக வந்துவிட்டது. 3டி-யில் இதற்கு ரிக்கிலேயே இடம் விட வேண்டும். கைகால் மூன்று மடங்கு நீள முடியுமா, தலை தட்டையாகுமா என்று ரிக் செய்யும் நாளிலேயே கேளுங்கள். பிற்பாடு கேட்டால் முழங்கையில் உருவம் கிழியும்.

சட்டகமும் கேமராவும்

பழைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான 1.37 அல்லது 1.33 சட்டகத்தில் (அகலம் உயரத்தைப்போல அத்தனை மடங்கு) இருக்கும். அதே உயரத்துக்கு 1.85 எடுத்தால் 1.33-ஐவிட அகலம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும், 2.39 எடுத்தால் 80 சதவீதம். துரத்தலுக்கு அகலம் வசதி. விழுவதற்கோ உயரம் தேவை. மலையிலிருந்து விழும் வேடிக்கை நிறைய இருந்தால் 1.85-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது. லென்ஸை 24 மி.மீ. போல அகலமாக வைத்துக் கிட்டே போகாதீர்கள், தட்டையாக வரைந்த மூக்கு பூசணிக்காய் ஆகிவிடும். 85 மி.மீ.யும் அதற்கு மேலும் வைத்தால் பழைய மேடைத்தன்மை கொஞ்சம் தங்கும்.

அனிமேட்டிக்

முழுப் படத்தையும் ஸ்டோரிபோர்டு ஓவியங்களாக வரைந்து, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்து 90 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். குரல் உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுடையதாக இருந்தால் போதும். 4 முதல் 6 பதிப்பாவது வரும் என்று கால அட்டவணை போடுங்கள். இங்கே ஒரு காட்சியை வெட்டினால் ஓர் ஓவியரின் ஒரு வார வேலை போகும். ரெண்டர் ஆனபின், அதாவது கணினி இறுதிப் படமாக்கியபின், வெட்டினால் முப்பது பேரின் மாதக்கணக்கான வேலை போகும். பேசும் பாத்திரமென்றால் நடிகரின் குரலை அனிமேஷனுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். பழைய நடிகரின் குரலை அப்படியே நகலடிப்பவரைவிட, அதே தாளத்தில் பேசுபவர் 90 நிமிடத்துக்குத் தாங்குவார். சிரிப்பு, உறுமல், ஊளை போன்றவற்றுக்குப் பழைய பதிவை உரிமையோடு பயன்படுத்தலாம். பீனட்ஸ் படத்தில் ஸ்னூப்பிக்கு, 2008-இல் மறைந்த பில் மெலண்டெஸின் பழைய பதிவுகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கு

90 நிமிடம் என்பது 5,400 நொடி, அதாவது 1,29,600 ஃபிரேம். ஷாட் சராசரி 4 நொடி என்றால் 1,350 ஷாட். திரையரங்குத் தரத்தில் ஓர் அனிமேட்டர் வாரத்துக்கு 4 நொடி முடிப்பார் என்று வைத்தால் 1,350 ஆள்-வாரம். 20 பேர் இருந்தால் 68 வாரம். திருத்தம், விடுப்பு, ஆள் மாற்றம் என்று கால் பங்கு சேர்த்து 85 வாரம் போடுங்கள். அந்தக் கால் பங்கைச் சேர்க்காத அட்டவணையை நம்பவே வேண்டாம். ஒரு ஷாட்டில் இரண்டு பாத்திரத்துக்கு மேல் வந்தால் வேகம் பாதியாகும், ஆகவே கூட்டக் காட்சிகளைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

ரெண்டர் ஃபிரேமுக்கு 1 மணி நேரம் என்றால், 100 கணினிகள் இரவுபகலாக ஓடினாலும் 54 நாள். ஒவ்வொரு ஃபிரேமும் திருத்தத்தால் இரண்டு மூன்று தடவை ரெண்டர் ஆகும், அப்படியானால் 5 மாதம் வரை. இரண்டு ஃபிரேமுக்கு ஒரு போஸ் என்பதால் ரெண்டர் பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கேமரா அசையாத ஷாட்டில் மட்டும் பாத்திர அடுக்கைப் பாதியாக்கலாம்.

ஒலியும் சோதனைக் காட்சியும்

பழைய கார்ட்டூனில் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு சுரம் விழும். 90 நிமிடம் அப்படியே அடித்தால் காது நோகும். துரத்தல் காட்சிகளில் மட்டும் அந்த முறையை வைத்து, மற்ற இடங்களில் இசையைக் காட்சியின் மனநிலைக்கு விடுங்கள். சறுக்கல், விசில், தகரச் சத்தம் போன்ற பழைய ஓசைகள் ஒற்றைத் தடத்தில், இரைச்சலோடு இருக்கும். அவற்றை அப்படியே பல ஒலிபெருக்கிகளுக்கான 5.1 கலவையில் போட்டால் மெலிந்து ஒலிக்கும். பழையதை மேலே வைத்து, அடியில் புதிதாகப் பதிந்த கனமான ஓசையைச் சேர்த்தால் சரியாகும்.

முக்கால்வாசி அனிமேஷன் கைக்கு வந்ததும் இரண்டு கூட்டத்துக்குத் தனித்தனியாகத் திரையிடுங்கள்: பழைய கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதைக் கேள்விப்பட்டே இராத சிறுவர்கள். கேள்வித்தாளைவிட, எந்த நிமிடத்தில் சிரித்தார்கள், எந்த நிமிடத்தில் நெளிந்தார்கள் என்று நேரம் போட்டுக் குறித்துக்கொள்வது உபயோகம். பெரியவர்கள் மட்டும் சிரிக்கிற இடம் பழசுக்கு வைத்த வணக்கம், படத்துக்கு 5, 6 இருந்தால் போதும். சிறுவர்கள் நெளிகிற நிமிடத்தை எடுத்துக்கொண்டு ஆய்வு விரிதாளுக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் அங்கே ஏதோ ஒரு நிறுத்தம் 20 ஃபிரேமிலிருந்து 10-ஆகச் சுருங்கியிருக்கும், அல்லது அசையாமல் நின்றிருக்க வேண்டியவன் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பான்.